விலைக்கு வந்த ஷாங்கோவின் தாளம்

பிரேசிலின் பாயியா மாநிலத்தில் கந்தோம்ப்ளே வழிபாட்டுக்கென்று அடிக்கப்படும் தாளங்கள் இன்று துண்டு துண்டாக வெட்டப்பட்டு, மின்னணு இசை செய்வோருக்கான ஒலித்தொகுப்புகளாக இணையத்தில் விலைபோகின்றன. வாங்கியவர் அதை முடுக்கலாம், தலைகீழாக ஓட்டலாம், நடன விடுதியில் அதிரவிடலாம். இது தகுமா? வழிபாட்டு மனையாரின் இசைவு இல்லையென்றால் தகாது.

இத்தாளங்களை எழுப்பும் ஹும், ஹும்பி, லே என்னும் மூன்று முழவுகளும் சடங்கால் புனிதமாக்கப்பட்டு, படையல் பெற்று, துணி சுற்றி வைக்கப்படுபவை. சிறியவை இரண்டும் தாளத்தைத் தாங்க, பெரிய ஹும் ஆடுபவரின் காலடியோடு பேசும். அலுஜா தாளம் ஷாங்கோ என்ற தெய்வத்துக்குரியது. அதைக் கேட்டு அவர் அடியார்மேல் இறங்குவார் என்பது நம்பிக்கை. அதில் நான்கு நொடியை மட்டும் நறுக்கிச் சுழலவிட்டால் தெய்வத்தைக் கூப்பிடுவதாகுமா, சீண்டுவதாகுமா?

முழவைப் புனிதமாகப் போற்றுவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. சங்ககால வீரமுரசு நீராடியது, பலி பெற்றது. முரசு வைக்கும் கட்டிலில் உறங்கிய புலவர் மோசிகீரனாரை வெட்டாமல் சேரமான் இரும்பொறை கவரி வீசியதைப் புறநானூறு சொல்கிறது. ‘அந்தப் பெருந்தன்மை இங்கும் வேண்டாமா?’ என்று சிலர் கேட்பார்கள். புலவர் அறியாமல் படுத்தார், முரசுக்குரியவன் பொறுத்தான். இங்கோ அறிந்தே எடுக்கிறார்கள், பொறுத்தருளும் உரிமையையும் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். பிறர் பொருளைக் கள்ளத்தால் கொள்ள நினைப்பதே தீது என்பது வள்ளுவர் தீர்ப்பு. புனித முரசு வெளியே வரவே கூடாது என்பதில்லை; ஆனால் மணிமேகலையில் வச்சிரக்கோட்டம் என்னும் கோயிலின் முரசு யானைப் பிடரியேறித் தெருவுக்கு வருவது விழா அறைவதற்கே.

கந்தோம்ப்ளே மரபினரும் தெருவுக்கு வரத் தெரியாதவர்கள் அல்லர். 1949இல் சால்வடோர் துறைமுகத் தொழிலாளர் காந்தியடிகள் பெயரில் குழு அமைத்து, கந்தோம்ப்ளேயின் இஜெஷா தாளத்தைக் கார்னிவலுக்குக் கொண்டுவந்தார்கள். எது வெளியே போகலாம் என்று முடிவெடுத்தவர்கள் அந்தத் தாளத்தோடு வாழ்ந்தவர்கள்.

கலை கலப்பால் வளரும் என்பதும் மெய்தான். பிரேசிலில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கரின் யோருபா, ஃபோன், பாந்து வழிபாடுகள் கலந்தே கந்தோம்ப்ளே உருவானது. ஆனால் அடிமைப்பட்டோர் தமக்குள் பகிர்ந்துகொண்டதும், வெளியார் அள்ளிச் செல்வதும் ஒன்றாகா. பாயியாவில் 1976 வரை இவ்வழிபாட்டுக்குக் காவல்துறை அனுமதி தேவைப்பட்டது. 1951இல் மூடிய அறைத் தீட்சைச் சடங்கை ‘ஓ குருசெய்ரோ’ இதழ் படம்பிடித்துப் பரபரப்புத் தலைப்போடு வெளியிட்டது. அன்று கண்ணுக்கு விற்றார்கள், இன்று காதுக்கு.

ஆசிரியர் தெரியாத படைப்பு பொதுச்சொத்து என்பது வணிகர் வாதம். பிரேசிலின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்வது உண்மை. இனக்குழுக்களின் மரபறிவுக்குள்ள சட்டப் பாதுகாப்பு இதற்கு விலக்கு என்று அதே பிரிவு தொடர்வதை மட்டும் அவர்கள் சொல்வதில்லை.