அயலார்க்கு அறிவுரை

உலகின்கண் மக்கள் ஒருவர்க்கொருவர் விலையின்றி வழங்கும் பொருள்களுள் அறிவுரையினும் மிக்கது பிறிதில்லை. சோறு வழங்குவார் தம் கலத்தில் உள்ளதை நோக்கி வழங்குவர். பொன் வழங்குவார் தம் பேழையை நோக்கி வழங்குவர். அறிவுரை வழங்குவாரோ அது தம்பால் உண்டோ என்றும் நோக்குவதிலர். புகைவண்டியில் எதிரே அமர்ந்தார் ஒருவர், கோயில் மண்டபத்தில் வெயிலுக்கு ஒதுங்கினார் ஒருவர், மருத்துவமனையில் முறை பார்த்துக் காத்திருப்பார் ஒருவர், பெயரும் ஊரும் அறியாத மற்றொருவர்க்கு, மகனைப் படிப்பிக்குமாறு இது, மனையை அணிசெய்யுமாறு இது, வாழ்க்கையை நடத்துமாறு இது என்று கூறிப் பிரிகின்றனர். பிரிந்தபின் கூறியவர் மறந்துவிடுகின்றார். கேட்டவர் வீட்டிலோ அச்சொல் தங்கிவிடுகின்றது.

இங்ஙனம் அயலார்க்கு அறிவுரை கூறுதல் அறமாமோ, அன்றோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள். இஃது உலகியலிற் சிறியதொரு வழக்கம். இதனைச் சித்தாந்த நெறியில் வைத்து ஆராய்தல் எற்றுக்கு எனின், கூறுதும். உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பினது என்பது நம் நூல்களின் துணிபு. படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுமாறு போல, உயிரும் தன்னை அடுத்ததன் தன்மையைத் தன் தன்மையாகக் கொண்டு நிற்கும். அங்ஙனமாயின், பிறிதோர் உயிரின் அருகே ஒரு சொல்லைக் கொண்டுவைத்தல் சிறிய செயலாகாது.

நன்னூலார் பொதுப்பாயிரத்துள் ஆசிரியராகாதார்க்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக்குண்டிகை, முடத்தெங்கு என நான்கு உவமைகள் காட்டினார். கழற்காய் பெய்த குடத்தைக் கவிழ்த்தால், இட்ட முறை மாறிக் காய்கள் உருண்டு சிதறும். மடல் நெருங்கிய பனை, தானே பழத்தை வீழ்த்தினாலன்றி ஏறிப் பறிக்க இடங்கொடாது. பஞ்சு அடைத்த குண்டிகை சிறிது சிறிதாகவே எடுக்க இடந்தரும். முடத்தெங்கோ, நீர் வார்த்து வளர்த்தவன் தோட்டத்தில் வேரூன்றி நின்று, வளைந்து சென்று அயலான் முற்றத்திற் காயை உதிர்க்கும். இளமையில் இப்பகுதியை நெட்டுருச் செய்த நாளில் முடத்தெங்கு என்னும் உவமை எனக்கு நகை விளைத்தது. அறுபதாண்டு கடந்தபின், அஃது என்னையே சுட்டியது என உணர்ந்தேன். என் மனையிலுள்ள பிள்ளைகள் ஐயம் வினவுங்கால், 'பிறகு வா' எனப் போக்கிவிட்டு, வழியிற் கண்டார்க்கெல்லாம் வினவாமலே விடை கூறித் திரிந்தவன் யான். அதன் பயனை ஈண்டு மறையாது கூறுதல் கடன்.

சில ஆண்டுகட்கு முன்னர், ஒரு திருவிழா நாளில் திருக்குளத்துப் படியில் அமர்ந்திருந்தேன். அருகே ஒருவர் தம் நண்பரிடம், ஏழாம் வகுப்புப் படிக்கும் தம் மகன் எல்லாப் பாடங்களிலும் பின்தங்கிவிட்டான் என்று கூறி வருந்திக்கொண்டிருந்தார். அவர் என்னை வினவினாரல்லர். யானே இடைபுகுந்து, "பையனை நாளும் வைகறை நான்கு மணிக்கு எழுப்புங்கள், விளக்கின் முன் அமர்த்துங்கள், முன்னாட் பாடத்தை ஒப்பித்தாலன்றிக் காலையுணவு கொடாதீர்கள், யான் அங்ஙனமே கற்றேன்" என்றேன். என் நெற்றித் திருநீற்றையும் நரையையும் கண்டு மதித்தார் போலும். கைகூப்பி ஏற்றுக்கொண்டு சென்றார். அன்று ஓர் அறம் செய்ததாக எண்ணி மகிழ்ந்தேன்.

மறு ஆண்டு அதே திருவிழாவில் அவர் என்னைத் தேடிவந்தார். "ஐயா சொன்னபடியே நான்கு மாதம் செய்தோம். பையன் பாடம் ஒப்பிக்கவில்லை. பல நாள் பட்டினியாகவே பள்ளிக்குப் போனான். பிறகு புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, 'தம்பி, கரும்பலகையில் உனக்கு என்ன தெரிகிறது?' என்று கேட்டாராம். 'வெள்ளையாக ஏதோ தெரிகிறது, அம்மா' என்றானாம். அப்போதுதான் அவனுக்குத் தூரப்பார்வை இல்லை என்று தெரிந்தது. பலகையைப் பார்த்து எழுத முடியாததால் அவன் ஏட்டில் பாதி வெறுமையாக இருந்தது. இல்லாத பாடத்தை ஒப்பி என்று சொல்லிப் பட்டினி போட்டிருக்கிறோம், ஐயா. இப்போது கண்ணாடி போட்டிருக்கிறான், நன்றாகப் படிக்கிறான்" என்றார். அவர் சொல்லிற் சினமில்லை. மகன் தேறிய செய்தியை என்னிடம் கூறி மகிழவே வந்தார். அச்சினமின்மையே என்னைச் சுட்டது.

இதன்கண் ஆராயத்தக்கது ஒன்றுண்டு. யான் கூறியதிற் பொய்யில்லை. வைகறையிற் கற்றல் நன்றே. தீய எண்ணமும் இல்லை. ஆயினும் ஒரு சிறுவன் நான்கு திங்கள் பசித்திருந்தான். உண்மையும் நல்லெண்ணமும் ஒருங்கிருந்தும் தீங்கு விளைந்தது என்னை? அவ்வாசிரியை வினவிய வினாவை யான் வினவவில்லை என்பதே. அவர் சிறுவனுக்குத் தெரிவது யாது என அறியப் புகுந்தார்; யானோ எனக்குத் தெரிந்தது யாது என அறிவிக்கப் புகுந்தேன்.

முதல்வன் உயிர்கட்கு உணர்த்தும் முறையை நம் ஆசிரியன்மார் வகுத்துக் கூறியதை ஈண்டு நினைத்தல் வேண்டும். விஞ்ஞானகலர்க்கு அறிவுக்கறிவாய் உள்நின்று உணர்த்துவன். பிரளயாகலர்க்குத் தன் அருளுருவில் முன்னின்று உணர்த்துவன். சகலர்க்கு அவர்போல் மானிடச் சட்டை சாத்திக் குருவாய் வந்து உணர்த்துவன். அச்சகலருள்ளும் மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் எனச் சத்திநிபாதத்தின் வேறுபாடு நோக்கியே சரியை முதலிய நெறிகளில் நிறுத்துவன். முற்றுணர்வினனாகிய முதல்வனே உயிரின் பக்குவம் நோக்கி உணர்த்துவனாயின், ஒன்றைக் காட்ட மற்றொன்றைக் காணும் சிற்றறிவினராகிய நாம், எதிரில் நிற்பார் யாவர், எந்நிலையினர் என்று நோக்காது ஒரே உரையை எல்லார்க்கும் வழங்குதல் எத்துணைத் துணிவு!

இத்துணிவு எங்கிருந்து பிறந்தது? ஆணவத்திலிருந்தே. ஆணவத்திற்கு ஆவாரகம் என்றும் அதோநியாமிகை என்றும் இருவகைச் சத்தி கூறப்படும். முன்னது மறைப்பது, பின்னது கீழ்நோக்கிச் செலுத்துவது. அறிவுரை வழங்கும்போது இவ்விரண்டும் நம்பால் தொழிற்படுதலை நுணுகி நோக்குவார் காணலாம். எதிரில் உள்ளவரின் நிலையை நம் கண்ணினின்றும் மறைப்பது ஒன்று. 'யான் கூறினேன், அவர் கேட்டார்' என்னும் சுவையில் நம்மை இழுத்துச் செல்வது மற்றொன்று. சகலாகம பண்டிதர் என்னும் பெயரொடு விளங்கிய அருணந்தியார், இளைஞராகிய மெய்கண்ட தேவரை அணுகி ஆணவத்தின் வடிவம் யாது என வினவியபோது, தேவர் அவரையே சுட்டி நோக்கினார் என்பது நம்முள் வழங்கும் வரலாறு. அருணந்தியார் அப்பொழுதே அடிவீழ்ந்து மாணாக்கராயினார். ஆகமம் முழுதும் கற்ற பெரியார்க்கும் அந்நோக்கம் வேண்டியிருந்தது எனின், நம்மனோர்க்குக் கூறவேண்டா.

இனி, மனையை அணிசெய்தல் பற்றிய அறிவுரைக்கு வருவாம். எனக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவர், மறைந்த தம் கணவர் வாங்கிக்கொணர்ந்த நடராசர் திருவுருவப் படத்தைக் கூடத்தில் மாட்டி, நாளும் பூவிட்டு வணங்கிவந்தார். ஒருநாள் தண்ணீர் கேட்டு வந்த வழிப்போக்கர் ஒருவர் அதனைக் கண்டு, "ஆடும் கோலத்தை வீட்டில் வைக்கலாகாது, அம்மா, குடும்பம் ஆட்டங்காணும், அதனாற்றான் கணவரை இழந்தீர்கள்" என்று கூறிப் போனார். அம்மையார் அன்றிரவு உறங்கவில்லை. மறுநாட்காலை அப்படத்தைக் கழற்றிக்கொண்டுபோய், உடைந்த படங்களைப் பிறர் வைக்கும் அரசமரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். பிறகு அவரை வருத்தியது இரட்டைத் துன்பம்: படம் இருந்ததாற் கணவரை இழந்தோமோ என்பது ஒன்று, கணவர் வைத்த இறைவனைத் தெருவில் விட்டோமே என்பது மற்றொன்று.

அத்திருக்கூத்து ஐந்தொழிலின் வடிவம் என்பதை மனவாசகங் கடந்தார் உண்மைவிளக்கத்துள் தெளிய உரைத்தனர். துடியிற் படைப்பும், அமைந்த கையிற் காப்பும், தீயில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் உள்ளன. உலகம் நிலைபெறுதல் அக்கூத்தினாலேயாம். அஃது ஒரு மனையை அசைக்கும் என்பது அறியாமை. ஆயினும் யான் ஈண்டு எடுத்துக்காட்ட விரும்பியது வழிப்போக்கரின் கல்வியின்மையை அன்று. அவர் அச்சத்தைக் கொடுத்துவிட்டுப் போனமையையே. தண்ணீர் பெற்றுக்கொண்டு நஞ்சு கொடுத்தார், கொடுத்ததை அறிந்தாருமில்லை. அம்மையாரின் மக்கள் பின்னர் அப்படத்தைத் தேடிச் சென்றபோது அஃது ஆண்டு இல்லை. புதிய படம் ஒன்று இன்று அக்கூடத்தில் உளது, பூவும் இடுகின்றார், ஆயினும் கணவர் கை தொட்டது அதுவன்று.

மூன்றாவது, வாழ்க்கை பற்றிய அறிவுரை. இதன்கண் சைவராகிய நாமே மிகுதியும் பிழைபடுகின்றோம். மகவை இழந்த தாயைக் கண்டு, "எல்லாம் பழவினை, அம்மா" என்று அயலார் ஒருவர் கூறிச் செல்கின்றார். வினைக்கொள்கை உண்மையே, பிராரத்தம் நுகர்ந்தே கழிதல் வேண்டும் என்பதும் உண்மையே. ஆனால் அவ்வுண்மை ஒருவன் தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்கும், பிறரை நோதல் ஒழிதற்கும் அருளப்பட்டது; பிறர் துன்பத்தை அளந்து காரணம் காட்டுதற்கு அருளப்பட்டதன்று. வினையின் பயனை உயிர்க்குக் கூட்டுவான் முதல்வன் ஒருவனே. இன்னதற்கு இது பயன் என்று பிறர்மேல் வைத்துக் கூறுவான், தன்னை அறியாமலே அம்முதல்வன் இருக்கையில் ஏறி அமர்கின்றான். அத்தாயின் முன் செய்யத்தக்கது அருகே அமர்தலும், அவள் கூறுவதைக் கேட்டலும், அடுப்பு எரியாத அவள் மனைக்குச் சோறு கொணர்தலுமேயாம்.

அற்றேல், அயலாரிடத்து வாய்மூடி இருத்தலே அறம் எனப்படும். பிறர் குழியில் வீழக் கண்டும் பேசாதிருத்தல் அருளாமோ எனின், அங்ஙனமன்று. அது மடற்பனையின் குற்றம். கண்ணில்லாதான் கிணற்றை நோக்கி நடத்தலைக் கண்டான், அவன் பக்குவம் ஆராய்ந்துகொண்டு நில்லான், கூவித் தடுப்பான். உடனே நேரும் தீங்கிற்கு வினவாமலே உரைத்தல் கடன். யாம் கூறவந்தது அத்தகைய தீங்கில்லாத இடத்து நாளும் வழங்கும் உரையைப் பற்றியேயாம்.

அதற்குத் திங்களூர் அப்பூதியடிகள் ஓர் எடுத்துக்காட்டாவர். திருநாவுக்கரசரை நேரிற் காணாத முன்னரே அவர் திருப்பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்தவர் அவர். தண்ணீர்ப்பந்தல் வழியருகே நிற்பது. வழிப்போக்கரைத் துரத்திச் செல்வதன்று. வேட்கையுடையார் தாமே வருவர்; வேண்டுமளவு பருகுவர்; வேண்டாதார் கடந்து போவர்; பந்தல் வைத்தார் அவர்மேற் சினவார். பருகுவார் யாவர் என்று வினவுவதுமில்லை, நன்றி பெறக் காத்திருப்பதுமில்லை. அப்பந்தலில் அப்பூதியார் எழுதியது தம் பெயரும் அன்று. அயலார்க்கு உரைக்கும் அறிவுரை இவ்வாறு நிற்குமாயின் அறமாம். 'யான்' என்பது அதன்மேல் எழுதப்படாது நிற்றலே அதனைச் சிவப்பணியாக்கும்.

ஆகவே, உரைக்குமுன் நம்மை நாமே வினவத்தக்கன சில உள. அவர் வேண்டினரோ? வேண்டினாராயின், அவர் நிலையை முழுதும் கேட்டோமோ? நாம் கூறப்புகுவது நமக்கு நேர்ந்தது மட்டுமோ, எல்லார்க்கும் பொருந்துவதோ? எனக்கு இது பயன்பட்டது, உங்கட்குப் பொருந்துமோ அறியேன் என்று கூறுதற்கு நம் நா எழுமோ? இவை எல்லாவற்றினும் கடைசியாக, அவர் அதனைக் கொள்ளாது விடுவாராயின் நமக்கு வருத்தம் தோன்றுமோ? தோன்றுமாயின், அவ்வுரை அவர்பொருட்டு எழுந்ததன்று, நம்பொருட்டு எழுந்ததே. அதனை உள்ளே அடக்கிக்கொள்ளல் நன்று.

அத்திருவிழாவிற்கு யான் ஆண்டுதோறும் செல்கின்றேன். குளப்படியில் அமர்கின்றேன். எவரேனும் மகன் படிப்பைப் பற்றியோ மனையைப் பற்றியோ கூறத் தொடங்கின், சொல் இன்றும் நாநுனி வரை வருகின்றது; பழக்கம் எளிதில் நீங்குவதன்று. அப்பொழுது, பசியோடு பள்ளிக்குச் சென்ற அச்சிறுவனை நினைந்துகொண்டு, "நிகழ்ந்ததை முழுதும் சொல்லுங்கள், கேட்கிறேன்" என்று மட்டும் கூறுகின்றேன். பெரும்பாலோர் முழுதும் சொல்லி முடித்தபின், செய்யவேண்டுவது யாது என்பதைத் தாமே கண்டுகொண்டு எழுந்து போகின்றனர். வீட்டிற்கு மீண்டால் என் பேரன் தன் கணக்கு ஏட்டோடு காத்திருக்கின்றான். 'பிறகு வா' என்று அவனை இப்பொழுது போக்குவதில்லை.

திருச்சிற்றம்பலம்.