பரிகாரம் தேடியவனும் மறுத்தவளும்

செய்த பாவத்துக்கு என்ன பரிகாரம் என்று கேட்டு வருகிறவர்கள் அநேகம். அந்தப் பாவத்தில் அடிபட்டவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று விசாரிக்கிறவர்கள் எத்தனை பேர்? இன்றைக்குப் புராணத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு ருஷ்ய நாவலை எடுத்துக்கொள்கிறேன். டால்ஸ்டாய் 1899-இல் வெளியிட்ட ‘புத்துயிர்ப்பு’.

நெஹ்லூதவ் பெரிய பிரபு. அத்தைமார் பண்ணைவீட்டில் கத்யூஷா என்று ஒரு பெண். பாதி வளர்ப்பு மகள், பாதி வேலைக்காரி. மாணவனாக வந்தபோது அவள்மேல் கள்ளமில்லாத பிரியம் வைத்திருந்தவன், ராணுவ அதிகாரியாகத் திரும்பி வந்து, ஈஸ்டர் திருநாளை ஒட்டிய இரவில் அவளைக் கெடுத்துவிடுகிறான். கிளம்பும்போது அவள் கையில் நூறு ரூபிளைத் திணிக்கிறான். கணக்குத் தீர்ந்தது!

வயிற்றில் பிள்ளையோடு அவள் காத்திருக்கிறாள். அவன் ரயில் அந்த வழியாகப் போகிறது என்று கேள்விப்பட்டு, நடுராத்திரி, மழையில், சேற்றில் ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். முதல் வகுப்புப் பெட்டியில் விளக்கு எரிகிறது. வெல்வெட் இருக்கையில் அவன் சீட்டாடிக்கொண்டிருக்கிறான். விறைத்த விரல்களால் கண்ணாடியைத் தட்டுகிறாள். வண்டி நகர்ந்துவிடுகிறது. கூடவே ஓடுகிறாள், நனைந்த பிளாட்பாரம் முடிகிற வரைக்கும். தெய்வம், நன்மை எல்லாம் வெறும் பேச்சு என்று அந்த ராத்திரியில்தான் அவளுக்குப் பட்டது. ஒரு பாவம் இன்னொருவருடைய பக்தியையே பிடுங்கிக்கொண்டு போகும். நம் பரிகாரப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

வருஷங்கள் ஓடுகின்றன. கொலைக் குற்றம் சாட்டப்பட்டுக் கூண்டில் நிற்கிற விலைமாது அவள். ஜூரியில் உட்கார்ந்திருப்பவன் இவன். ‘கொல்லும் எண்ணமில்லாமல்’ என்று எழுத ஜூரிகள் மறந்துபோக, அவளுக்கு நான்கு வருஷம் சைபீரியக் கடுங்காவல். நெஹ்லூதவுக்கு மனம் குமுறுகிறது. சிறைக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறான். அவளோ சிரித்துப் பேசி, பத்து ரூபிள் இருந்தால் கொடு என்கிறாள். பிறகு, உன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்கிறான். அப்போதுதான் வெடிக்கிறாள்: இந்த உலகத்தில் என்னை வைத்துச் சுகம் கண்டாய், மறு உலகத்திலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்று. சாஸ்திரம் படித்த எவரும் இவ்வளவு கூர்மையாகக் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தக் கதைக்கு விதை, கோனி என்ற சட்ட அறிஞர் 1887-இல் டால்ஸ்டாயிடம் சொன்ன நிஜச் சம்பவம். அந்த நிஜப் பெண் கல்யாணத்துக்கு முன்பே சிறையில் டைபஸ் காய்ச்சலில் இறந்துபோனாள். டால்ஸ்டாய்க்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது. இளமையில் அத்தை வீட்டு வேலைக்காரப் பெண்ணைக் கெடுத்ததையும், அவள் துரத்தப்பட்டுச் சீரழிந்ததையும் தன் வரலாற்றை எழுதியவரிடம் முதுமையில் அவரே சொல்லியிருக்கிறார். அதனாலோ என்னவோ, முதலில் எழுதிய வடிவத்தில் நெஹ்லூதவுக்கும் கத்யூஷாவுக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டார். பாவம் செய்தவனுக்கு அதுதானே சௌகரியமான முடிவு! 1895-இல்தான், கதையை அவனிடமிருந்து ஆரம்பித்ததே பிசகு, அவளிடமிருந்து தொடங்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதுகிறார். அச்சான நாவலில் முதலில் திறப்பது அவளுடைய சிறைக் கதவு.

நாவலில் நெஹ்லூதவ் தன் நிலத்தைக் குடியானவர்களுக்கு விடுகிறான். கைதிகளின் பின்னாலேயே சைபீரியா போகிறான். மனுமேல் மனுப் போட்டு அவள் தண்டனையைக் குறைத்தும் வாங்குகிறான். வேஷமில்லை, நிஜமாகவே மாறியிருக்கிறான். ஆனாலும் அவள் சீமன்சன் என்ற அரசியல் கைதியோடு போகிறேன் என்றுவிடுகிறாள். நெஹ்லூதவ்மேல் பிரியம் இல்லாமல் அல்ல. இவன் கேட்டது பழைய கடனுக்காக. சீமன்சன் கேட்டதோ, இன்றைக்கு அவள் எப்படி இருக்கிறாளோ அப்படியே பிடித்துப்போய்.

கடைசி அத்தியாயத்தில் நெஹ்லூதவ் விவிலியத்தைப் பிரித்துத் தெளிவு பெறுகிறான். அங்கேதான் நாவலின் ஆன்மீகம் என்பார்கள். எனக்கு அதற்குச் சற்று முந்தைய இடம் பெரிதாகப் படுகிறது. சீமன்சன் அவளைக் கேட்கிறான் என்று தெரிந்ததும் நெஹ்லூதவுக்குப் பாரம் இறங்கியது போலிருக்கிறது. கூடவே ஒரு சுருக். இன்னொருத்தனும் இவளை மணக்கத் தயாரென்றால் என் தியாகத்துக்கு என்ன மதிப்பு என்று. அத்தனை ஆயிரம் மைல் அவள் பின்னால் போன பிறகும்.