தொழிலும் தன்மதிப்பும்: மீளழைக்கப்பட்டோரின் வேலையிழப்புப் பற்றி ஓர் அறவியல் நோக்கு

தொழிலை இழத்தல் துன்பந் தருவது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், இழந்த தொழில் மீளக் கிடைத்து, மனம் ஆறி, வாழ்வைத் திரும்பவும் ஒழுங்குபடுத்தத் தொடங்கிய வேளையிலே, எதிர்பாராத வகையில் அது மறுபடியும் பறிபோகுமாயின் அத்துன்பத்தின் இயல்பே வேறாகிவிடுகின்றது. ‘பட்ட காலிலே படும்’ என்னும் பழமொழி இரண்டாவது அடியின் வேதனையைச் சுட்டுகின்றது; அது ஏன் கூடிய வேதனை தருகின்றது என்பதை விளக்குவதில்லை. அதனை விளக்குவதும், அவ்வாறு வீழ்த்தப்பட்டவர் எதனைப் பற்றிக்கொண்டு எழலாம் என்று ஆராய்வதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பொருளியலார்க்கு மட்டும் உரிய வினா அன்று. மனிதனின் மதிப்பு எதிலே தங்கியுள்ளது என்னும் பழைய மெய்யியல் வினாவின் ஒரு வடிவமே இது.

வினாவை வெறும் கருத்துநிலையில் வைத்துப் பேசாது, எமது நாட்டு நிகழ்வொன்றை முன்வைத்து ஆராய்வது நன்று. 1978ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில், ஆடைத் தொழிற்சாலைகளில் உழைப்போருட் பெரும்பாலோர் தூரத்துக் கிராமங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 2020 மார்ச் 20ஆந் திகதி கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது அவர்களுட் பலர் வாடகை அறைகளிலேயே அடைபட்டனர். பின்னரே ஊர் திரும்ப வழி பிறந்தது. தொழிற்சாலைகள் படிப்படியாக மீளத் திறக்கப்பட்டபோது பலர் திரும்பி வந்தனர். ஆயின் மேல்நாட்டுக் கொள்வனவாளர்கள் தம் கட்டளைகளை நிறுத்தியும் குறைத்தும் இருந்தமையால், வந்தோர் எல்லோர்க்கும் வேலை நிலைக்கவில்லை. ஆள்வழங்கும் முகவர்கள் மூலம் நாட்கூலிக்கு வந்தோரே முதலில் விலக்கப்பட்டனர். அதே ஆண்டு மே மாதத்தில் அரசும் தொழில் வழங்குநரும் தொழிற்சங்கங்களும் கூடி, வேலைக்கு அழைக்கப்படாதிருப்போருக்கு அடிப்படைச் சம்பளத்தின் அரைப்பங்கு அல்லது 14,500 ரூபா, இவ்விரண்டில் எது கூடியதோ அதனை வழங்குவதென இணங்கின. பசியின் ஒரு பகுதியை அவ்விணக்கம் தணித்திருக்கலாம். ஆனால் எமது வினா அதற்கு அப்பாலும் செல்கின்றது.

திரும்பி வந்து விலக்கப்பட்டவரின் நிலையைச் சற்று நுணுகி நோக்குவோம். முதல் இழப்பு எல்லோர்க்கும் பொதுவானது. தொற்று வந்தது, வாயில்கள் மூடப்பட்டன, முதலாளி, மேற்பார்வையாளர், தையலாளர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் வீட்டிலிருந்தனர். பொதுத் துன்பத்தில் ஒருவரையொருவர் தேற்றிக்கொள்ள இடமுண்டு; அங்கே தன்மதிப்புக்கு ஊறு நேர்வதில்லை. மீளழைப்பு அப்படிப்பட்டதன்று. ‘வா’ என்று அழைக்கும் சொல்லினுள்ளே ‘நீ இன்னும் வேண்டப்படுகின்றாய்’ என்னும் உறுதிமொழி மறைந்து கிடக்கின்றது. அதனை நம்பியே ஒருத்தி அறைக்கு முற்பணம் கட்டுகின்றாள். அடகிலிருக்கும் நகையை மீட்கத் தவணை சொல்கின்றாள். தம்பியின் படிப்புச் செலவைத் தானே பார்ப்பதாக ஊருக்கு எழுதுகின்றாள். சில கிழமைகளின் பின் சிலர் நிறுத்தப்பட, சிலர் வைத்துக்கொள்ளப்படுகின்றனர். இப்போது துன்பம் பொதுவன்று; தெரிவு நடந்துவிட்டது. ‘ஏன் நான்?’ என்னும் கேள்வி முதன்முறையாக எழுகின்றது. பக்கத்து இயந்திரத்தில் இருந்தவள் இன்றும் வேலைக்குப் போகின்றாள் என்பதே அக்கேள்விக்கு நாள்தோறும் நெய் வார்க்கின்றது. இரண்டாவது அடி கூடுதலாக வலிப்பதன் காரணம் இதுவே: அது வருவாயோடு நம்பிக்கையையும் பறிக்கின்றது, அத்தோடு நில்லாமல் ஒப்பீட்டின் மூலம் தன்மதிப்பையும் தாக்குகின்றது.

இங்கே ஒரு முரண் உள்ளது. ஆட்குறைப்புச் செய்வோர் வழக்கமாகக் கூறும் ஆறுதல், ‘உங்கள் மீது எக்குறையும் இல்லை’ என்பது. இது ஆறுதலா என்பது ஐயத்திற்குரியது. 1980 யூலை வேலைநிறுத்தத்திற் பங்குகொண்ட 40,000 அளவிலான ஊழியர்கள் தம் பதவிகளைத் தாமே விட்டு நீங்கியோராகக் கருதப்பட்டு வேலையிழந்தனர். அது பெருங்கொடுமை. ஆயினும் அவர்கள் எதற்காக விலக்கப்பட்டனர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தம் செயலுக்கு நியாயங் கூறவும் அவர்களால் முடிந்தது. தண்டனையானது குற்றவாளியை அறிவுடைய ஒருவனாக மதிக்கின்றது என ஜேர்மானிய மெய்யியலாளர் ஹெகல் ‘உரிமை மெய்யியல்’ என்ற தமது நூலில் வாதிட்டார். அவ்வாதத்தை நாம் முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. எனினும் அதன் மறுபக்கம் சிந்திக்கத்தக்கது. தண்டிக்கப்பட்டவருக்கு மறுத்துரைக்க ஒரு குற்றச்சாட்டாவது உண்டு. மிகையானவர் என்று விலக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை. அவரது திறமையும் நேர்மையும் கணக்கிலேயே எடுக்கப்படவில்லை. குற்றமற்றவர் என்ற சொல், அவ்விடத்தில், பொருட்டல்லாதவர் என்ற சொல்லுக்கு அண்மையாய் வந்துவிடுகின்றது.

‘வேலை போனால் என்ன, வேறு வேலை, அதுவரை ஓய்வு’ என்று எளிதாகக் கூறுவோரும் உளர். அவர்கள் ஒஸ்திரிய நாட்டு மரியென்தால் கிராமத்தின் கதையை அறிதல் வேண்டும். அங்கிருந்த நெசவுத் தொழிற்சாலை 1930ஆம் ஆண்டில் மூடப்பட்டபின், மரீ யகோடா முதலிய இளம் ஆய்வாளர்கள் அக்கிராமத்தின் வாழ்வைக் கூர்ந்து நோக்கி 1933இல் நூலாக வெளியிட்டனர். நேரம் பெருகியதால் மக்கள் கூடுதலாக வாசிப்பர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நடந்ததோ மறுதலை: நூலகத்திலிருந்து எடுக்கப்பட்ட நூல்களின் தொகை அரைப்பங்களவாகக் குறைந்தது. தெருவிலே ஆண்களின் நடை தளர்ந்தது. நடுவழியில் நிற்பது கூடியது. காலையிலிருந்து மதியம்வரை என்ன செய்தீர் என்ற கேள்விக்குப் பலரால் தெளிவான விடை கூற இயலவில்லை. இதிலிருந்து நாம் அறிவது யாது? தொழில் கூலியை மட்டும் தருவதில்லை. நாளுக்கு ஒரு வடிவத்தையும், வீட்டுக்கு வெளியே உறவையும், பிறரோடு சேர்ந்து ஒன்றை ஆக்குகின்றோம் என்னும் உணர்வையும் அது தருகின்றது. ஆதலின் அதனை இழந்தவரின் சோர்வை மனவலிமைக் குறைவு என்று இகழ்வது அறியாமையாகும்.

இனி, தாங்குதல் பற்றிய பழைய போதனைகளை நோக்குவோம். திருக்குறளில் ‘ஆள்வினையுடைமை’ என்னும் அதிகாரத்தை அடுத்து ‘இடுக்கணழியாமை’ வைக்கப்பட்டுள்ளது. முயற்சியை வற்புறுத்தியபின், முயன்றும் துன்பம் வரக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டு, அப்போது மனங் கலங்காதிருக்கும் வழியைக் கூறும் இவ்வைப்புமுறை உலகியலறிவு நிரம்பியது. மேலைத்தேயத்தில் எபிக்ரீற்றசு என்ற சிந்தனையாளர், எம் வசத்தில் உள்ளவை எவை, இல்லாதவை எவை எனப் பிரித்தறிவதே விடுதலையின் தொடக்கம் என்றார். எமது தீர்மானங்களும் எண்ணங்களும் எம் வசத்தின. பதவியும் பொருளும் பிறர் வசத்தின. இவ்வாறு போதித்தவர் அடிமையாக வாழ்ந்தவர் என்பதனால் இப்போதனையை வசதியுடையோரின் வேதாந்தம் என்று தள்ளிவிட இயலாது.

ஆயினும் ஒரு போதனையின் மெய்ம்மை, அதனை எவர் எவருக்குக் கூறுகின்றார் என்பதையும் பொறுத்துள்ளது. வேலையிழந்தவள் தனக்குத்தானே ‘இதனால் நான் குறைந்துவிடவில்லை’ எனக் கூறிக்கொண்டால் அது வலிமை. அவளை விலக்கியவர் அவளை நோக்கி ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள்’ என்று கூறினால் அது பொறுப்பைத் தட்டிக்கழித்தல். பொறுமை என்னும் அறத்தை அநீதி இழைத்தவர் உபதேசிக்கத் தொடங்கும்போது அந்த அறம் கறைபடுகின்றது. இதனாலேயே தொழிலாளர் இயக்கத்தவர் பலர் உள்ளத் துறவு பற்றிய பேச்சை ஐயத்தோடு நோக்குவர். போராட வேண்டியவரைப் பணிய வைக்கும் மருந்து அது என்பது அவர்களது கருத்து.

இவ்விரு நிலைப்பாடுகளும் ஒன்றையொன்று விலக்குவனவா? அன்று என்பதே எமது துணிபு. பிரெஞ்சு மெய்யியலாளர் சிமோன் வெய்ல் அம்மையாரின் வாழ்வு இதற்கு ஒளி தருகின்றது. மெய்யியல் ஆசிரியையாக இருந்த அவர், 1934 டிசம்பர் முதல் 1935 ஓகஸ்ட் வரையான காலத்தில் பாரிசு நகரத்துத் தொழிற்சாலைகளில் சாதாரணத் தொழிலாளியாக உழைத்தார். இடையிலே வேலையிழந்து, வேறு தொழிற்சாலைகளின் வாயில்களிலே வேலை தேடியும் நின்றார். சமூகம் தமக்கு அளித்திருந்த மதிப்பின்மீது கட்டப்பட்ட தன்மானம் முழுவதும் அங்கே நொறுங்கிப் போயிற்று என்பதை அவர் ஒளிக்காமல் எழுதினார். ஆனால் அத்தோடு முடியவில்லை. வெளியிலிருந்து வரும் எதனையும் சாராத வேறொரு தன்மானத்தைத் தாமே ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது என்றும் அவர் உணர்ந்தார். அந்த அகவிடுதலை அவரை வாய்மூட வைக்கவில்லை. 1936இல் பிரெஞ்சுத் தொழிலாளர் தொழிற்சாலைகளுக்குள்ளேயே வேலைநிறுத்தஞ் செய்தபோது அவர் மகிழ்ந்து வரவேற்று எழுதினார்.

இங்கேதான் நாம் தேடிய விடை கிடைக்கின்றது. நீதி கேட்பதற்கு முதலில் தேவைப்படுவது, தான் நீதிக்கு உரியவன் என்னும் எண்ணம். ‘நான் பயனற்றவன், ஆகவேதான் விலக்கினார்கள்’ என்று நம்பிவிட்டவன் எதனைக் கேட்பான்? காரணத்தைக் கேட்கமாட்டான், நட்டஈட்டைக் கேட்கமாட்டான், தெருவில் எதிர்ப்படும் பழைய தோழரின் முகத்தையும் நோக்கமாட்டான். விலையுடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம். மாண்புடையதற்கு ஈடில்லை என இமானுவேல் கான்ற் 1785இல் வகுத்த வேறுபாட்டை இவ்விடத்தே நினைவிற் கொள்ளலாம். சந்தை தீர்மானிப்பது உழைப்பின் விலையை. மனிதரின் மாண்பு அதன் நியாயாதிக்கத்துக்கு உட்பட்டதன்று. இவ்வேறுபாட்டை உள்ளத்திலே காத்துக்கொள்பவரே நிமிர்ந்து நின்று உரிமை கேட்க வல்லவர். ஆகவே, உள்ளத் திண்மை உரிமைக் குரலுக்கு மாற்றீடு அன்று, அதற்கு அடிப்படை. உரிமைக் குரலற்ற திண்மை பணிவாகத் தேய்கின்றது. திண்மையற்ற குரலோ கசப்பாக முடிகின்றது.

இக்கருத்து எமது நாட்டுச் சட்டத்திலும் ஓரளவு இடம்பெற்றுள்ளது. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் வேலையை முடிவுறுத்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை விலக்குவதற்கு அவரது எழுத்துமூலமான சம்மதம் அல்லது தொழில் ஆணையாளரின் எழுத்துமூலமான அனுமதி முன்கூட்டியே பெறப்பட வேண்டும் என்கின்றது. இதற்கு மாறாகச் செய்யப்படும் வேலைநீக்கம் வலுவற்றது. நட்டஈட்டைக் காட்டிலும் இதிலே எமது கவனத்துக்குரியது, காரணம் கூறப்பட வேண்டும், பாதிக்கப்படுபவரின் பக்கமும் கேட்கப்பட வேண்டும் என்னும் கொள்கையே. காரணம் கூறுதல் என்பது ஒருவரை மனிதராக மதித்தலின் குறைந்தபட்ச அடையாளம். எனினும் பதினைந்து பேருக்குக் குறைவானோரைக் கொண்ட தாபனங்களும், 180 நாட்களை நிறைவு செய்யாத ஊழியர்களும் இப்பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றனர். முகவர் மூலம் வந்த நாட்கூலியாளோ தனது தொழில் வழங்குநர் யார் என்பதை நிறுவுவதற்கே அல்லற்படுகின்றாள். சட்டம் நாட்களை எண்ணுகின்றது. கொடுத்த வாக்கை எண்ணுவதில்லை. மீளழைத்தவர், எவ்வளவு காலத்துக்கு வேலை உண்டு என்பதையும், இல்லாமற் போகக்கூடிய ஆபத்தையும் அழைக்கும்போதே கூறுதல் சட்டக் கடமையாக இல்லாவிடினும் அறக் கடமையாகும். தொழிற்சாலைக்கு உண்மையிலேயே நெருக்கடி இருக்கலாம். எல்லோரையும் வைத்திருக்க முடியாது போகலாம். வேலை கொடுக்க முடியாமை குற்றமன்று. தெரிந்த உண்மையை மறைத்து ஒருவரின் வாழ்வை அதன்மேல் கட்ட விடுதலே குற்றம்.

சூழ இருப்போரின் கடமையையும் கூறாது விடலாகாது. வேலையிழந்து ஊர் வந்தவரைக் கண்டதும் ‘எப்ப திரும்பிப் போறாய்?’ என்று கேட்பது எமது வழக்கம். அன்பினாலே கேட்கப்படினும் அக்கேள்வி புண்ணைக் கிளறுகின்றது. ‘எல்லாம் நன்மைக்கே’ என்பதும் ஆறுதலாகாது. நடந்தது நன்மையன்று என்பதை அவர் அறிவார். அநீதியை அநீதி என ஒப்புக்கொள்ளுதலே மெய்யான தேறுதலின் முதற்படி. அதன்பின், நாளுக்கு வடிவம் கொடுக்கும் சிறு பொறுப்புகளில் அவரைச் சேர்த்துக்கொள்ளுதல், சேமலாப நிதிப் பத்திரங்களையும் முறைப்பாட்டுக் கடிதத்தையும் எழுத உதவுதல், தொழில் அலுவலகத்துக்குக் கூடச் செல்லுதல் முதலியன மொழியைவிடப் பெரிய ஆறுதல்கள். மரியென்தால் மக்கள் இழந்தது எதுவோ அதனையே இவை சிறிதளவேனும் மீட்டுத் தருகின்றன.

இவ்விடயம் பல்கலைக்கழகத்தில் இருக்கும் எமக்கும் தொலைவிலுள்ளதன்று. நியமனக் கடிதத்தையே வாழ்வின் நற்சான்றிதழாகக் கருதி அதனை நோக்கியே நாம் நாட்களைக் கழிக்கின்றோம். அக்கடிதம் கிடைத்தவரை ‘ஆளாகிவிட்டான்’ என்கின்றோம். கிடைக்காதவரை அவ்வாறு கூறுவதில்லை. இவ்வளவையாலேயே மனிதரை அளக்கப் பழகிய சமூகத்தில், வேலையிழந்தவள் தன்னைத் தானே வேறோர் அளவையால் அளக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எங்ஙனம் நியாயமாகும்? அவளது உள்ளத் திண்மையைப் போற்றுவதற்கு முன், அத்திண்மையை இத்துணை அரிதாக்கிய அளவுகோலை நாம் கீழே வைத்தல் வேண்டும். உழைப்பை உயர்வாக மதிப்போம். உழைக்கும் வாய்ப்புப் பறிக்கப்பட்டவரையும் அதே உயர்வோடு மதிப்போம். அவ்வாறு மதிக்கப்படுபவர்க்கே, மூடிய வாயிலின் முன்னின்று காரணங் கேட்கும் குரல் எளிதில் எழும்.