கடல் கடந்தவனும் காத்திருக்கும் இல்லமும்

தொலைநாடு சென்ற மகனைப் பற்றிக் குடும்பத்தார் கொள்ளும் கவலையில் இரு வினாக்கள் கலந்து நிற்கின்றன. ‘அவன் நலமாக இருக்கின்றானா?’ என்பது ஒன்று. ‘அவன் இன்னும் நம்மவனாகவே இருக்கின்றானா?’ என்பது மற்றொன்று. இவற்றுள் எதனை முதலில் கேட்பது முறை? யூத மக்களின் வரலாற்றில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இதனைச் சிந்திப்போம்.

1881ஆம் ஆண்டு ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டபின், அந்நாட்டு யூதர்மீது கொடிய தாக்குதல்கள் நிகழ்ந்தன. வறுமையும் சட்டத் தடைகளும் அவர்களை முன்னரே நெருக்கியிருந்தன. அக்காலம் தொட்டு, 1924இல் அமெரிக்கா குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைத்துச் சட்டம் இயற்றும் வரையில், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் யூதர் அந்நாட்டிற்குச் சென்றனர். பலர் நியூயார்க் நகரின் நெருக்கடியான குடியிருப்புகளில் தங்கித் தையல் தொழிலில் ஈடுபட்டனர்.

ஊரில் இருந்த பெற்றோருக்குப் பெருங்கவலை ஒன்று இருந்தது. வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை எத்தொழிலும் செய்யாது இறைவனை நினைந்திருத்தல் யூதரின் ஓய்வுநாள் நெறி. அமெரிக்காவிலோ ஞாயிறு ஒன்றே விடுமுறை. சனியன்று வாராதவனுக்கு வேலை நிலைப்பது அரிது. உணவு விதிகளும் வழிபாடும் தளர்ந்துவிடுமே என்ற அச்சமும் உடனிருந்தது. ராடுன் என்னும் ஊரில் வாழ்ந்த பேரறிஞர் இஸ்ரவேல் மேயர் ககன், 1890களில், அயல்நாடு சென்றோர் நெறி தவறாது வாழ்வதற்கென்றே ஒரு நூல் இயற்றினார் என்றால், அக்கவலையின் ஆழம் நமக்கு விளங்கும்.

இங்கே ஓர் அறச்சிக்கல் எழுகின்றது. ஓய்வுநாளைப் புனிதமாகக் கொள்க என்பதும், தாய் தந்தையரைப் போற்றுக என்பதும் யூதர் வேதத்தின் பத்துக் கட்டளைகளுள் அடுத்தடுத்து நிற்பவை. சனிக்கிழமை உழைத்தால்தான் ஊருக்குப் பணம் அனுப்ப இயலும் என்ற நிலையில், ஒருவன் இரண்டில் எதனைக் காப்பான்? பெற்றோர் சொன்னாலும் ஓய்வுநாளை மீறலாகாது என்பது அவர்தம் அறநூலாரின் முடிபு. உயிரைக் காக்கும் பொருட்டு மீறலாம், மீறவும் வேண்டும் என்பதும் அவர்கள் முடிபே. பசித்திருக்கும் தாய்க்கு அனுப்பும் கூலி உயிர்காக்கும் செயலா, அன்றா? இவ்வினாவைத் தனியே சுமந்தவன், அயலூர்த் தையற்கூடத்தில் குனிந்திருந்த அந்த இளைஞனே.

1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நியூயார்க்கில் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை தீப்பற்றியது. ஒரு வாயிற்கதவு பூட்டப்பட்டிருந்தது. 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் யூத, இத்தாலிய இளம்பெண்கள். அந்நாள் ஒரு சனிக்கிழமை. ஓய்வுநாளில் அவர்கள் ஏன் வேலைக்குச் சென்றார்கள் என்று அன்று எந்தத் தாய் கேட்டிருப்பாள்? மகள் உயிரோடு இருக்கின்றாளா என்பதன்றி வேறு வினா அவள் நெஞ்சில் எழுந்திராது. பேரிடர் வந்தபோது தானே முன்வரும் வினாவை, மற்ற நாள்களிலும் முன்வைத்தல் ஆகாதா என்பதே நாம் எண்ண வேண்டுவது.

‘நெறி வழுவவில்லையே?’ என்று மட்டுமே கடிதந்தோறும் கேட்கும் இல்லத்திற்கு, நாளடைவில் இல்லம் விரும்பும் விடையே வந்து சேரும். மகன் தன் நோயையும் தனிமையையும் மறைக்கக் கற்றுக்கொள்வான். அப்பொய் அவனுடையதே, ஆயினும் அதில் நமக்கும் பங்குண்டு. நியூயார்க்கின் இத்திஷ் மொழி நாளிதழான ஃபார்வர்ட்ஸில், 1906இல் ஆசிரியர் ஆபிரகாம் கஹான் வாசகர் கடிதப் பகுதி ஒன்றைத் தொடங்கினார். வீட்டாரிடம் கூற இயலாத துயர்களை முன்பின் அறியாத ஆசிரியருக்குப் பலர் எழுதினர். பிள்ளையின் உண்மை அயலாரிடம் செல்வது குடும்பத்திற்கு இழப்பன்றோ?

இதனால் கவலைகள் யாவும் வீண் என்று நாம் கூறவில்லை. மனைவி மக்களை ஊரிலோ நியூயார்க்கிலோ விட்டுவிட்டு மறைந்த கணவரும் இருந்தனர். அதே நாளிதழ் அத்தகையோரின் படங்களை வெளியிட்டது. அவர்களைத் தேடுவதற்கென்றே 1911இல் யூத அறநிறுவனத்தார் ஒரு பணியகம் நிறுவினர். யூதச் சட்டப்படி, கணவன் மணவிலக்கு முறி அளிக்காதவரை மனைவி மறுமணம் செய்தல் இயலாது. தேவையால் ஒரு நெறி தளர்ந்து, அதற்காக மனம் வருந்துபவன் வேறு. வசதிக்காகத் தன்னை நம்பியவரைக் கைவிடுபவன் வேறு. இருவரையும் ஒரே சினத்தோடு நோக்குதல் நீதியாகாது.

அந்நகரில் ஒரே ஊரிலிருந்து வந்தோர் கூடி ஊர்ச்சங்கங்கள் அமைத்தனர். நோயுற்றார்க்கு உதவினர், இறந்தார்க்கு இடுகாடு தேடினர், வழிபாட்டிடமும் கண்டனர். நெறி அங்கே நிலைத்ததற்குக் கண்டிப்பைவிடத் துணையே பெரிதும் உதவிற்று எனலாம். தொலைவில் இருப்போர்க்குக் கடிதம் எழுதும்போது, உண்டாயா, உறங்கினாயா, உடனிருப்பார் உளரா என்று முதலில் கேட்போம். அவற்றிற்கு மெய்யான விடை வந்தபின், மற்ற வினாவையும் தயங்காது கேட்கலாம்; அப்போது அதற்கும் மெய்யான விடை கிடைக்கும்.