பிள்ளையின் கோபத்தை ஆற்றும் மூச்சு

  



கோபத்தைப் பற்றி இந்த மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறோம். அப்போதெல்லாம் பேசியது பெரியவர்களின் கோபத்தைப் பற்றித்தான். இன்று உங்கள் வீட்டில் இருக்கும் நான்கு வயது, ஆறு வயதுப் பிள்ளையின் கோபத்தை எடுத்துக்கொள்வோம். கேட்டது கிடைக்கவில்லை என்றால் தரையில் புரண்டு அழுகிறது. அண்ணன் பென்சிலை எடுத்தால் கடித்துவிடுகிறது. போனைப் பிடுங்கினால் வீடே இரண்டாகிறது. அந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? பெரும்பாலும் பிள்ளையைவிட ஒரு படி மேலே போய்க் கத்துகிறீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் நான் மக்தபில் ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஆறு வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனோடு சண்டை போட்டு, ஓதும் பலகையைக் காலால் எட்டி உதைத்துவிட்டான். மேலே இருந்த ஜுஸ்உ கீழே விழுந்தது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. பிரம்பைத் தூக்கினேன். அடிக்கவில்லை, ஆனால் மதரஸா முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். "அழாதே! வாயை மூடு! இப்பவே நிறுத்து!" என்றேன். அந்தப் பிள்ளை நிறுத்த முயன்றது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டது. ஆனால் தேம்பல் நிற்கவில்லை. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட, பொத்திய கைக்கு மேலே இரண்டு கண்களும் என்னையே பார்த்தன. உஸ்தாத் சொன்னதைக் கேட்கத்தான் அவன் நினைத்தான். மூச்சு அவன் சொன்னதைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டாரிடம் சொன்னேன். அவர்கள் அரபுக் கல்லூரியில் ஓதியவர்கள் அல்ல. கேட்டுவிட்டு, "விக்கல் எடுக்கிறவனைப் பார்த்து விக்காதேன்னு அதட்டுவீங்களா?" என்றார்கள். ஏழு வருடம் கிதாபு ஓதியும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. மறுநாள் பிள்ளைகள் எல்லோரும் இருக்கும்போதே அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். அதன் பிறகுதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அன்பானவர்களே! பெருமானார் (ஸல்) அவர்கள் கோபத்துக்குச் சொன்ன மருந்தைக் கவனித்துப் பாருங்கள். நின்றுகொண்டிருப்பவருக்குக் கோபம் வந்தால் உட்காரட்டும், அப்போதும் போகவில்லையென்றால் படுத்துக்கொள்ளட்டும் என்ற கருத்தில் அபூதர் (ரலி) அவர்கள் வழியாக அபூதாவூதில் ஹதீஸ் வருகிறது. கோபம் வந்தால் மௌனமாகிவிடட்டும் என்றும் இன்னோர் அறிவிப்பு இருக்கிறது. ஒளுச் செய்யச் சொல்லும் அறிவிப்பும் உண்டு. அதன் அறிவிப்பாளர் வரிசையில் உலமாக்களுக்குப் பேச்சு இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உட்காருவது, படுப்பது, வாயைக் கட்டுவது எல்லாமே உடம்பின் வேலைகள். உபதேசம் பிறகு வருகிறது. முதலில் உடம்பு தணிய வேண்டும்.

குர்ஆனில் ஆல இம்ரான் சூராவில் முத்தகீன்களின் குணமாக, கோபத்தை மென்று விழுங்குவதை அல்லாஹ் சொல்கிறான். அங்கே வரும் சொல் 'காழிமீன்'. இதன் வேர் 'கழ்ம்'. இமாம் ராகிப் இஸ்ஃபஹானி அவர்கள் தங்களுடைய முஃப்ரதாத்தில், 'கழம்' என்றால் மூச்சு வெளியேறும் வழி என்று விளக்கம் எழுதுகிறார்கள். நீர் நிறைந்த தோல்பையின் வாயைக் கட்டுவதற்கும் அரபிகள் இதே சொல்லைத்தான் புழங்கினார்கள். அதற்காக அந்த ஆயத் மூச்சுப் பயிற்சியைச் சொல்லித்தருகிறது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி இழுத்துப் பொருள் சொல்வது நமக்கு ஆகாது. கோபத்துக்கும் மூச்சுக்குழலுக்கும் இருக்கும் உறவு அந்த மொழிக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். உயிருக்கு 'நஃப்ஸ்', மூச்சுக்கு 'நஃபஸ்'. இரண்டும் ஒரே வேர்.

இனி மருத்துவர்கள் சொல்வதைக் கேளுங்கள். கோபமோ பயமோ வந்தால் இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேல் நெஞ்சோடு நின்றுவிடுகிறது. இதயத்தை நம் இஷ்டத்துக்கு மெதுவாக்க முடியாது. மூச்சை மெதுவாக்க முடியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது துடிப்பு சற்றுக் கூடுகிறது, வெளியே விடும்போது சற்றுக் குறைகிறது. ஆகவே வெளியே விடும் மூச்சை நீட்டி, நிதானமாக விட்டால், வேகஸ் என்ற நரம்பின் வழியாக இதயத்துக்கு 'அமைதியாகு' என்று செய்தி போகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் பகுதிதான் நம்மை அடக்கி ஆளுகிறது. அது முழு வளர்ச்சி அடைய 20 வயதைத் தாண்டிவிடும். ஆறு வயதுப் பிள்ளையிடம் போய் "பொறுமையா இரு" என்றால், அதனிடம் இன்னும் இல்லாத ஒன்றைக் கேட்கிறோம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2021இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஏழு வயதை ஒட்டிய 342 பிள்ளைகள். ஆய்வுக்கூடத்தில் உட்கார வைக்காமல், விளையாட்டுத் திடல் போன்ற சாதாரண இடங்களிலேயே ஒரு நிமிட வீடியோவைக் காட்டினார்கள். பூவை முகர்வது போல இழுத்து, மெழுகுவர்த்தியை ஊதுவது போல விட வேண்டும். மெதுவாக நான்கே மூச்சு. அதைச் செய்த பிள்ளைகளின் இதயத் துடிப்பு தணிந்தது. வேறு வீடியோ பார்த்த பிள்ளைகளுக்கு அப்படி இல்லை. அந்தப் பிள்ளைகள் அப்போது அழுதுகொண்டிருந்தவர்கள் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். உருண்டு புரளும் பிள்ளையிடம் இது மந்திரம் போல வேலை செய்யும் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இங்கே ஒரு சகோதரர் கேட்டார்: "ஹழ்ரத், இது யோகாவாச்சே, நமக்கு ஆகுமா?" நியாயமான கேள்வி. மந்திரம் சொல்லி, சூரியனையோ வேறு எதையோ வணங்கும் எண்ணத்தோடு செய்தால் அது நமக்குக் கூடாது. அதில் பேச்சே இல்லை. ஆனால் மூச்சு யாருடைய சொத்து? அல்லாஹ் கொடுத்தது. சூரத்துத் தக்வீரில் மூச்சுவிடும் காலைப் பொழுதின் மீது அவன் சத்தியமே செய்கிறான். இதை இபாதத் என்று யாரும் சொல்லவில்லை. கால் சுளுக்கினால் எண்ணெய் தடவுவது எப்படியோ அப்படி. இதற்கென்று எண்ணிக்கை வைத்துத் திக்ரு உண்டாக்கி, சுன்னத் என்று பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

எப்படிக் கற்றுக்கொடுப்பது? முதல் விஷயம், கோபத்தில் இருக்கும்போது கற்றுக்கொடுக்காதீர்கள். புகாரியில் ஒரு சம்பவம் வருகிறது. இரண்டு பேர் பெருமானார் (ஸல்) அவர்களுக்கு அருகில் திட்டிக்கொள்கிறார்கள். ஒருவருக்கு முகம் சிவந்துவிட்டது. இவர் அவூது ஓதினால் இந்தக் கோபம் போய்விடும் என்ற கருத்தை நபியவர்கள் சொல்ல, ஸஹாபாக்கள் அதை அவரிடம் எடுத்துச் சொல்கிறார்கள். அவரோ, நான் என்ன பைத்தியமா என்கிற பாணியில் பதில் சொல்கிறார். வளர்ந்த மனிதர்! நபியவர்கள் சொன்னது என்று தெரிந்தும்! அப்படியிருக்க, உங்கள் பிள்ளை அந்த நேரத்தில் பாடம் கேட்குமா? சில வீடுகளில் அழும் பிள்ளையைப் பார்த்து "உனக்குள்ளே ஷைத்தான் பூந்துட்டான்" என்கிறார்கள். அதைச் சொல்லாதீர்கள், பிள்ளை நடுங்கிப்போகும். அவூதை நீங்கள் ஓதுங்கள். அப்போது அதற்குத்தான் உங்களுக்கும் தேவை இருக்கும்.

இஷாவுக்குப் பிறகு பிள்ளை படுத்திருக்கும்போது நல்ல நேரம். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, வயிற்றின் மேல் ஒரு சின்னப் பொம்மையை வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது பொம்மை மேலே ஏற வேண்டும், விடும்போது மெல்ல இறங்க வேண்டும். நெஞ்சைத் தூக்காமல் வயிற்றால் மூச்சு விடுவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. மூன்று எண்ணி இழுக்கட்டும், நான்கு எண்ணி விடட்டும். பெரியவர்களின் கணக்கைக் குழந்தைக்குப் போடாதீர்கள். நாம் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். நான்கு வயதுப் பிள்ளைக்கு அது 20க்கு மேல். மூச்சை அடக்கிப் பிடிக்கச் சொல்லவே வேண்டாம். நாலைந்து மூச்சு போதும், தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள். இளைப்பு உள்ள பிள்ளையென்றால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

சூடான பானத்தை ஊதி ஆற்றுவது போல ஊதச் சொல்லியும் பல இடங்களில் கற்றுக்கொடுக்கிறார்கள். நாம் அந்த உதாரணத்தை விட்டுவிடலாம். குடிக்கும் பாத்திரத்துக்குள் மூச்சு விடுவதையும் ஊதுவதையும் நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். குடிக்கும்போது பாத்திரத்தை வாயிலிருந்து எடுத்து மூன்று மூச்சாகக் குடிப்பார்கள். அதையும் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால் நல்லது. ஊதுவதற்கு நம் ஊரில் பொருளா இல்லை? காகிதக் காற்றாடி, சோப்பு நுரைக் குமிழி, எருக்கம்பஞ்சு. குமிழி பெரிதாக வர வேண்டுமென்றால் மெதுவாகத்தான் ஊத வேண்டும். வேகமாக ஊதினால் உடைந்துவிடும். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம், பிள்ளை தானே புரிந்துகொள்ளும்.

எங்கள் மக்தபில் இதை ஓதும் பாடத்தோடு சேர்த்துவிட்டோம். நபியவர்கள் ஒவ்வொரு ஆயத்தாக நிறுத்தி ஓதுவார்கள் என்று உம்மு ஸலமா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வக்ஃபில் நின்று, தோளைத் தூக்காமல் மூச்சு எடுத்து, அடுத்த ஆயத்தைத் தொடங்கப் பழக்குகிறோம். ஓதலும் சீராகிறது, பிள்ளையும் அடங்குகிறது.

ஆனால் ஒன்று. இதைப் பிள்ளையின் வாயை அடைக்கும் கருவியாக்கிவிடாதீர்கள். அனஸ் (ரலி) அவர்களின் சின்னத் தம்பி அபூ உமைர் வளர்த்த குருவி இறந்தபோது, நபியவர்கள் அந்தக் குருவியைப் பற்றித்தான் அவரிடம் விசாரித்தார்கள். ஒரு குருவிக்குப் போய் இப்படியா என்று கேட்கவில்லை. மூச்சு தணிந்த பிறகு, "என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒருவன் தினமும் அடிக்கிறான் என்று பிள்ளை அழுதால், மூச்சு விடச் சொல்லி அனுப்பிவிடுவதா? அதை விசாரிப்பது உங்கள் கடமை. பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதியிருக்கிறார்கள்.

போன மாதம் ஒரு தகப்பனார் அஸருக்குப் பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார். கோபமாகத்தான் வந்தார். "ஹழ்ரத், மக்தபில் என்னத்தைச் சொல்லிக்கொடுத்தீங்க? கடையில் நஷ்டம், வீட்டில் வந்து சத்தம் போட்டேன். உங்க மாணவன் பொம்மையைத் தூக்கிட்டு வந்து, 'அத்தா, படுத்துக்கிட்டு இதை வயித்துல வைங்க'ன்னு சொல்றான். மரியாதை இல்லாமப் போச்சு!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, வைச்சீங்களா?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "இல்லை ஹழ்ரத். இன்னிக்கு வைக்கிறேன்" என்றார்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக! எங்கள் கோபத்திலிருந்து அவர்களைப் பாதுகாப்பாயாக! ஆமீன்.