கட்டம் போடு, பக்கத்தைக் கட்டு!

"இணையப் பக்கம் செய்வதெல்லாம் எனக்கு வராது" என்று யார் சொன்னாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது. வராது என்று தீர்ப்பு எழுதியது யார்? ஒரு வரியாவது அடித்துப் பார்த்தாயா, தம்பி? ஒரு கோப்பையாவது உலாவியில் திறந்து பார்த்தாயா, தங்கையே?

1995-இல் நெட்ஸ்கேப் 1.1 உலாவி அட்டவணைகளைக் காட்டத் தொடங்கியது. எண்களையும் பெயர்களையும் வரிசைப்படுத்த வந்த வசதி அது. இடது பக்கம் பட்டியல், வலது பக்கம் செய்தி என்று ஒரு பக்கத்தைப் பிரித்து வைக்க அன்று உருப்படியான வழி எதுவும் இல்லை. அதற்காக யாரும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. கிடைத்த அட்டவணையைப் பிடித்தார்கள், அதன் கோடுகளை மறைத்தார்கள், முழுப் பக்கத்தையும் அதற்குள் அடுக்கினார்கள். வலைப்பக்க வடிவமைப்பாளர் டேவிட் சீகல் 1996-இல் புத்தகமே போட்டு அந்த வித்தையைப் பரப்பினார். இடைவெளி வேண்டுமா? ஒற்றைப் புள்ளி அளவுள்ள, கண்ணுக்குத் தெரியாத படத்தை வைத்து அதையும் உண்டாக்கினார்கள்! முழுக் கருவியும் வந்து சேரட்டும் என்று அவர்கள் காத்திருந்தால் அந்த நாளைய இணையமே பிறந்திருக்காது.

நீ மட்டும் ஏன் காத்திருக்கிறாய்? லேப்டாப் பழசா? இருக்கட்டும். நோட்பேட் இருக்கிறதல்லவா, போதும்!

தாளில் மூன்று கட்டம் போடு. மேலே தலைப்பு, கீழே இடப்பக்கம் பட்டியல், வலப்பக்கம் நீ சொல்ல வந்த விஷயம். இப்போது நோட்பேடில், பக்கம் எழுதும் எச்டிஎம்எல் மொழியின் டேபிள் குறியைத் திற. அகலம் 100 விழுக்காடு, பார்டர் 1. டிஆர் என்றால் ஒரு வரிசை, டிடி என்றால் அதிலுள்ள ஒரு கட்டம். முதல் டிஆருக்குள் ஒரே ஒரு டிடி, அதுதான் தலைப்பு. அடுத்த டிஆருக்குள் இரண்டு டிடி: ஒன்றுக்கு 20 விழுக்காடு, மற்றதற்கு 80. எச்டிஎம்எல் கோப்பாகச் சேமி. உலாவியில் திற.

தலைப்பு இடது மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறதா? பயப்படாதே, உற்றுப் பார். பார்டர் 1 கொடுத்ததால் பக்கத்தின் எலும்பு அத்தனையும் தெரிகிறது. தலைப்பு இரண்டு பத்தியையும் அடைக்க வேண்டும் என்று நீ சொல்லவில்லை. அந்த டிடியில் கோல்ஸ்பேன் 2 என்று சேர், நிமிர்ந்து நிற்கும். பட்டியல் மேலே ஒட்டாமல் நடுவில் தொங்குகிறதா? டிடியின் இயல்பு அது. வீஅலைன் டாப் என்று எழுது, மேலே ஏறும். எல்லாம் சரியாக உட்கார்ந்த பிறகு பார்டரை 0 ஆக்கு. கோடுகள் மறையும், பக்கம் நிற்கும். அது உன் கையால் நின்ற பக்கம்!

"இதெல்லாம் பழைய முறை" என்று ஒருவர் உதட்டைப் பிதுக்குவார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதையும் தெரிந்துகொள். பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள், அட்டவணையைத் தகவல் பட்டியல் என்றே நினைத்துத் தடுமாறக்கூடும். கைபேசித் திரையில் இரண்டு பத்திகள் நெருக்கியடித்து நிற்கும். ஆகவே டேபிளிலேயே தங்கிவிடாதே. ஆனால் தொடங்கியதற்காக வெட்கப்படாதே! மின்னஞ்சல் வடிவமைப்பவர்கள் இன்றும் அட்டவணையை வைத்துத்தான் பிழைக்கிறார்கள்.

முதல் பக்கம் நின்றதும் அதே மூன்று கட்டங்களை, பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியின் கிரிட் வசதியில் எழுது. 2017 முதல் முக்கிய உலாவிகள் அனைத்திலும் அது ஓடுகிறது. கோல்ஸ்பேன் 2 இருந்த இடத்தில் ஸ்பேன் 2 வரும். வரிசை, பத்தி, எது எத்தனை கட்டத்தை அடைக்கும் என்ற கணக்கு ஏற்கெனவே உன் விரலில் இருக்கும்.