பழுது பார்க்க வருபவளுக்கு

“ஆச்சி, அகத்தியர் செஞ்சது தப்புதானே?”

சுக்கு தட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. தொடக்கப்பள்ளியில் 31 வருஷம் வேலை பார்த்தவள் நான். இப்படி ஒரு கேள்வியை எந்தப் பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை. கேட்க நான் இடம் கொடுத்திருக்க மாட்டேன் என்பதுதான் உண்மை.

பேத்திக்கு எட்டு வயது. மகனும் மருமகளும் அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைக்கிறார்கள். மார்கழியில் ஒரு வாரம் தென்காசியில் நான்தான் டீச்சர். திங்கள்கிழமை பாடம் வாசலில் தொடங்கியது. நடுவில் ஏழு புள்ளி, இரண்டு பக்கமும் இடுக்குப் புள்ளியாக நாலு வரை. மொத்தம் எத்தனை? பூசணிப்பூவைக் கையில் வைத்துக்கொண்டே “முப்பத்தேழு” என்றாள். கணக்குக்கு விடை உண்டு. அன்றைக்கு எனக்கு ஒரு சிரமமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை குற்றாலம் போனோம். சாரல் காலம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் ஐப்பசி, கார்த்திகை மழையில் பேரருவி இன்னும் விழுந்துகொண்டிருந்தது. மாலை போட்ட சாமிமார் வேன் வேனாக வந்து குளித்தார்கள். இவளும் நனைந்தாள். பக்கத்திலேயே சங்கு வடிவத்தில் குற்றாலநாதர் கோயில். அங்கே உட்கார்ந்து தலபுராணத்தைச் சொன்னேன். அது முன்பு பெருமாள் கோயில். திருநீறு பூசி வந்த அகத்தியரை உள்ளே விடவில்லை. அவர் நாமம் போட்டுக்கொண்டு திரும்ப வந்தார். பெருமாளின் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுக்கினார். அழுத்திய வலி தீரத்தான் சாமிக்குத் தினமும் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள். அருவிக் குளிருக்கு இரவில் கசாயமும் படைப்பார்கள்.

மறுநாள் அவளுக்கே சளி. சுக்குக் கசாயம் போடும்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. “பொய் வேஷம் போட்டுத்தானே உள்ளே போனாரு? பெருமாளுக்கு வலிச்சிருக்கும்லா?”

“சாமிக்கு வலிக்காது தாயி. அவருக்கு உடம்பே கிடையாது” என்றேன்.

“அப்போ தைலம் எதுக்கு?”

மத்தியானம் வேறு வழியில் போய்ப் பார்த்தேன். அரியும் சிவனும் ஒண்ணு, யார் யாராக மாறினாலும் ஒருவரே என்றேன். “ஒண்ணுன்னா அப்படியே விட்டிருக்கலாமே, எதுக்கு மாத்தணும்?” என்றாள். வியாழக்கிழமை சரித்திரத்துக்குள் போய் ஒளிந்துகொண்டேன். ஒரு வழிபாடு மாறி இன்னொன்று வந்ததைத்தான் கதை இப்படிச் சொல்கிறது என்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவள், “அப்போ முதல்ல கும்பிட்டவங்கள்லாம் எங்க போனாங்க?” என்று கேட்டாள்.

மூன்று பதில்களும் நான் படித்தவை. சைவம் கடவுளை உருவமற்றவர் என்றும் சொல்கிறது, அவர் தலைக்கு எண்ணெயும் வைக்கிறது. இரண்டையும் சேர்த்து வைத்திருப்பதை நான் முரண்பாடாக ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், அந்தத் தைலம் ஒரு பதில் மாதிரி இருக்கிறது. அகத்தியரைப் போற்றும் இதே கோயில், அவர் கை பட்டதில் வலித்தது என்பதையும் மறைக்கவில்லை. நடந்ததை அழிக்காமல், தினமும் மருந்து போட்டுக்கொண்டிருக்கிறது. ‘வலிக்காது’ என்று சொன்னவள் நான்தான்.

வெள்ளிக்கிழமை காசி விசுவநாதர் கோயிலுக்கு நடந்தோம். கோபுர வாசலில் எப்போதும் போலக் காற்று ஆளைத் தள்ளியது. என் சிறுவயதில் இந்த ராஜகோபுரம் பிளந்து, பாழ்பட்டு நின்றது. ஒன்பது நிலைகளோடு மறுபடி எழும்பி, குடமுழுக்குக் கண்டது 1990-ல். அதையும், கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனைப் பற்றியும் அவளுக்குச் சொன்னேன். 15-ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியவர், இந்த ஆலயத்துக்குப் பின்னால் ஒரு குறை வந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவரை உலகறியப் பணிகிறேன் என்று பாட்டாகவே கல்லில் வெட்டி வைத்தார்.

“ராஜா போய் யாருன்னே தெரியாதவங்களைக் கும்பிட்டாரா?” என்றாள்.

ஆமாம். கட்டும்போதே, தான் கட்டியது ஒருநாள் பழுதாகும் என்று ஒப்புக்கொண்டவர் அவர். நானோ 31 வருஷம் சொல்லிக்கொடுத்ததில் ஒரு விரிசல்கூட விழாது என்று நம்பியிருந்தேன். சமயத்தைப் பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த விடை அந்தக் கல்லில்தான் இருந்தது: திருத்தப் போகிறவளுக்கு இப்போதே வணக்கம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

அன்று ராத்திரி அவளிடம், “அகத்தியர் செஞ்சது தப்புன்னுதான் எனக்கும் தோணுது. ஆனாலும் அவரைக் கும்பிடுவேன்” என்றேன். “நானும் கும்பிடுவேன். ஆனா பெருமாளைக் கும்பிட்டுட்டு” என்றாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் புராணம் சொல்லுங்கள், வலித்த இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ‘தப்பு’ என்று அவர்கள் சொன்னால் வாயை அடைக்காதீர்கள்.